யாருடைய தியாகம்?

லால்குடிக்கு அண்மையில், அய்யன் வாய்க்கால் பாயும் ஊர்களுள் ஒன்றில், சென்ற ஷஅபான் மாதம் ஒரு மதரஸாவின் ஆண்டு விழா நடைபெற்றது. ஊரின் பெயரையும் மதரஸாவின் பெயரையும் நாம் குறிப்பிடப் போவதில்லை. குறிப்பிட்டால் அந்த ஊரார் மட்டுமே வருந்துவர். குறிப்பிடாவிடின் பல ஊரார் தம் ஊரைத்தான் சொல்கிறோமோ என்று ஐயுறுவர். பின்னதே நமக்கு வேண்டியது.

விழாவுக்குப் பத்து நாள் முன்னர், அங்கே அறுபது பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் இளம் உஸ்தாத் ஒருவர் நிர்வாகத்தாரிடம் கடிதம் ஒன்று கொடுத்திருந்தார். மனைவியும் இரண்டு குழந்தைகளும் உடையவர். வாடகை, பால், மருந்து என்று கணக்கெழுதி, சம்பளத்தைச் சற்றே உயர்த்தித் தர வேண்டும் என்று பணிவோடு கேட்டிருந்தார். அந்தக் கடிதத்துக்கு மறுமொழி விழா மேடையில் கிடைத்தது. செயலாளர் ஆண்டறிக்கை படிக்கையில், கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஏட்டில் இல்லாத சில வார்த்தைகள் பேசினார். "டாக்டர் ஜாகிர் ஹுசைன் ஜெர்மனி சென்று டாக்டர் பட்டம் வாங்கியவர். பின்னாளில் இந்த நாட்டுக்கே ஜனாதிபதியானவர். அப்படிப்பட்டவரே சொற்பச் சம்பளத்துக்கு இருபது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். நம்முடைய ஹஜ்ரத்மார்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்" என்றார். பந்தல் முழுதும் கைதட்டியது. அந்த இளைஞர் மேடையின் ஓரத்தில், விருந்தாளிகளுக்குத் தேநீர்க் குவளைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

நாமும் அம்மேடையில்தான் அமர்ந்திருந்தோம். நம் தோளிலும் ஒரு பொன்னாடை இருந்தது. நாம் வாய் திறக்கவில்லை. அந்த வெட்கமே இக்கட்டுரையை எழுத வைக்கிறது.

ஜாகிர் ஹுசைன் என்னும் பெயரை நம் மக்கள் இரண்டு விதமாகக் கையாள்கின்றனர். முதலாவது, சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவது: இந்தியாவின் முதல் முஸ்லிம் குடியரசுத் தலைவர், பாரத ரத்னா, ரோஜா வளர்த்தவர், வெள்ளைத் தாடி. இரண்டாவது, அந்தச் செயலாளர் செய்தது: ஏழை ஆசிரியரின் வாயை அடைக்க எடுத்து வீசும் கல்லாகக் கொள்வது. முதலாவதில் தீங்கொன்றும் இல்லை, பயனும் இல்லை. இரண்டாவது பெருந்தீங்கு, அதற்கு மேல் பொய்யும்கூட. அது பொய் என்பதை அவர் வரலாற்றைக் கொண்டே காட்டுவோம்.

1897 பிப்ரவரி 8இல் ஹைதராபாத்தில் பிறந்தவர் ஜாகிர் ஹுசைன். குடும்பத்தின் பூர்வீகம் ஐக்கிய மாகாணத்து காயம்கஞ்ச். பத்து வயதில் வழக்கறிஞரான தந்தையை இழந்தார். 1911இல் பிளேக் நோய் தாயைக் கொண்டுபோயிற்று. எட்டாவா நகரில் இஸ்லாமிய உயர்நிலைப் பள்ளி, பின்னர் அலிகர். அங்கே அவர் விரும்பி எடுத்த பாடம் பொருளாதாரம். 1920 அக்டோபரில் காந்தியடிகளும் அலி சகோதரர்களும் அலிகருக்கு வந்து, ஆங்கில ஆட்சியின் மானியத்தில் நடக்கும் கல்வியைத் துறக்க வாருங்கள் என்று அழைத்தபோது, அவர் மேற்படிப்பு மாணவராகவும் விரிவுரையாளராகவும் இருந்தார். கல்லூரியிலேயே நிலைத்திருந்தால் உத்தியோகமும் உயர்வும் உறுதி. வெளியேறினார். அம்மாதம் 29ஆம் நாள் ஷைகுல் ஹிந்த் மௌலானா மஹ்மூதுல் ஹஸன் அவர்களின் திருக்கரத்தால் ஜாமிஆ மில்லியா இஸ்லாமியா தொடங்கி வைக்கப்பட்டது. சிறை சென்று மால்டாவிலிருந்து மீண்டு, நோயுற்றுத் தளர்ந்திருந்த ஓர் ஆலிமே அந்தத் தேசியப் பல்கலைக் கழகத்தைத் திறந்து வைத்தார் என்பதை, மதரஸாக்காரர்களுக்கும் கல்லூரிக்காரர்களுக்கும் நடுவில் மதில் எழுப்பி மகிழ்வோர் நினைவிற் கொள்வது நலம்.

1922இல் அவர் ஜெர்மனி சென்றார். பெர்லின் பல்கலைக் கழகத்தில் வெர்னர் ஸோம்பார்ட் என்னும் பேராசிரியரிடம் பயின்றார். முதலாளித்துவம் எங்ஙனம் தோன்றி வளர்ந்தது என்பதைப் பல பாகங்களாக எழுதியவர் இந்த ஸோம்பார்ட். ஜாகிர் ஹுசைன் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள் பிரிட்டிஷ் இந்தியாவின் வேளாண்மை அமைப்பு: நிலம் யாருடையது, உழைப்பு யாருடையது, விளைச்சல் யாருடைய களஞ்சியத்துக்குப் போகிறது என்னும் கேள்விகள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் அருகே, நெல்லும் வாழையும் விளையும் நம் லால்குடியாருக்கு இக்கேள்விகளை விளக்க வேண்டியதில்லை. இங்கே குத்தகையும் வாரமும் எத்தனை குடும்பங்களை ஆக்கின, எத்தனை குடும்பங்களை அழித்தன என்பதை ஒவ்வொரு திண்ணையும் சொல்லும். 1956இல் நியாயக் குத்தகைச் சட்டம் வந்து, நன்செயில் நிலவுடைமையாளரின் பங்கு நூற்றுக்கு 40 என்று வரையறுக்கப்பட்டது. பின்னர் அது 25 ஆகக் குறைந்தது. உழுதவனின் பங்குக்குச் சட்டம் உண்டு. ஓதிக் கொடுத்தவரின் பங்குக்கு? அதற்குப் பின்னர் வருவோம்.

பெர்லினில் படிக்கும்போதே அவர் செய்த மற்றொரு காரியம் நமக்கு மிகவும் பிடித்தமானது. அங்கே காவியானி என்றோர் அச்சகம் இருந்தது. காலிபின் திவானை அழகிய சிறு பதிப்பாகக் கொண்டுவர விரும்பி, எழுத்துக் கோக்கும் தொழிலைக் கற்றுக்கொண்டு, தம் கையாலேயே எழுத்துக் கோத்தார் நம் டாக்டர். பொருளாதாரம் படிக்கப் போனவர் ஈய எழுத்துக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார் என்று சிலர் சிரித்திருக்கக் கூடும். கையுழைப்பின் மதிப்பை அவர் நூலில் மட்டும் படிக்கவில்லை என்பதற்கு அதுவே சான்று.

1926இல் தாய்நாடு திரும்பினார். உடன் வந்தவர்கள் ஆபித் ஹுசைனும் முஹம்மது முஜீபும். அப்போது ஜாமிஆ உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தது. துருக்கியில் 1924இல் கிலாபத்தே ஒழிக்கப்பட்டபின், கிலாபத் இயக்கத்தின் நிதி வற்றிப் போயிற்று. 1925இல் அலிகரை விட்டு டெல்லியின் கரோல்பாக்குக்கு வாடகைக் கட்டடங்களைத் தேடிக் குடிபெயர்ந்தது அந்தக் கல்விக்கூடம். மூடிவிடலாம் என்றே பலர் கருதினர். ஹகீம் அஜ்மல் கானும் காந்தியடிகளும் மட்டும் ஒப்பவில்லை. அந்த நிலையில் ஷைகுல் ஜாமிஆ, அதாவது துணைவேந்தர், என்னும் பொறுப்பை ஏற்றபோது ஜாகிர் சாகிபுக்கு வயது 29. நாம் அந்த வயதில் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று எண்ணிப் பார்த்தால் மேற்கொண்டு எழுதக் கை கூசுகிறது.

1927 டிசம்பரில் ஹகீம் சாகிப் காலமானார். அவர் தம் கைப்பணத்தாலும் செல்வாக்காலும் தாங்கிப் பிடித்திருந்த கூரை சரிந்தது. செயலாளர் மேடையில் பேசிய அந்த வரலாறு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. 1928இல் ஜாகிர் சாகிபும் தோழர்களும் அஞ்சுமனே தாலீமே மில்லி என்றொரு சங்கம் அமைத்தனர். அதன் ஆயுள் உறுப்பினர் ஒவ்வொருவரும், 20 ஆண்டுகள் ஜாமிஆவுக்கு உழைப்போம், மாதம் 150 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறமாட்டோம் என்று உறுதி எடுத்தனர். நடைமுறையில் அந்த 150ஐ அவர் எட்டவே இல்லை. அதற்கு வெகு கீழேயே பெற்றார். அதுவும் பல மாதங்களில் உரிய நாளில் வந்து சேரவில்லை. செயலாளர் சொன்னதில் இவ்வளவும் உண்மை.

அவர் சொல்லாமல் விட்டதைச் சொல்வோம்.

அந்த உறுதிமொழியை எந்த முத்தவல்லியும் அவர்கள் மீது சுமத்தவில்லை. எழுதியவர்களே கையெழுத்திட்டனர். சம்பளத்தைக் குறைத்துக்கொண்டவர்களின் வரிசையில் முதலில் நின்றவர் அந்த நிறுவனத்தின் தலைவர். கடைசியில் நிற்கும் மக்தப் உஸ்தாதை முன்னே தள்ளிவிட்டுத் தலைவர் பின்னே நின்று கைதட்டவில்லை. அதற்கு மேலும் ஒன்றுண்டு. உறுதி எடுத்த அந்த ஆசிரியர்களின் சங்கமே ஜாமிஆவின் நிர்வாகத்தை ஏற்றுக்கொண்டது. வரவும் செலவும் அவர்கள் கையில். பாடத்திட்டம் அவர்கள் கையில். யாரைச் சேர்ப்பது, எதைக் கட்டுவது என்னும் முடிவும் அவர்களுடையது. பசியையும் அவர்கள் பங்கிட்டனர், அதிகாரத்தையும் அவர்கள் பங்கிட்டனர். நம் மதரஸாக்களின் நிர்வாகக் குழுவில் ஓதிக் கொடுப்பவர் எத்தனை பேர் அமர்ந்திருக்கின்றனர்? கூட்டம் நடக்கும் அறைக்கு வெளியே, கூப்பிட்டால் வருவதற்காக நிற்பவர் அன்றோ நம் ஹஜ்ரத்! ஜாமிஆவின் ஆசிரியர் ஏற்ற வறுமையை நம் ஆசிரியருக்குக் கொடுத்துவிட்டு, ஜாமிஆவின் ஆசிரியர் பெற்ற உரிமையை மட்டும் நாம் வைத்துக்கொள்வோம் என்பது எந்த ஊர் நியாயம்?

அந்தத் தியாகத்துக்குத் தவணையும் இருந்தது. 20 ஆண்டு என்று எழுதினர். 1928க்கு 20 ஆண்டு 1948. அவ்வாண்டு அவர் அலிகர் முஸ்லிம் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தராகச் சென்றார். பிரிவினையின் பழி முழுவதையும் தலைமேல் சுமந்து, மூடப்படுமோ என்று அஞ்சி நின்ற அப்பல்கலைக் கழகத்தை 1956 வரை காத்து நிறுத்தினார். அது தனி வரலாறு. நம் உஸ்தாதுகளின் தியாகத்துக்கோ தவணை கிடையாது. கண் மங்கும் வரை, குரல் கம்மும் வரை. அதன் பின்னர் ஒரு பொன்னாடை, ஒரு கடிகாரம்.

இனி, நம் வாதத்தின் நடுமையத்துக்கு வருகிறோம். 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தியடிகள் கல்வி மாநாடொன்றைக் கூட்டினார். கைத்தொழிலை நடுவாக வைத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்ட வேண்டும், அத்தொழிலின் வருவாயிலேயே பள்ளி தன் செலவைத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அடிகளின் கருத்து. மாநாட்டில் அதை வெளிப்படையாக ஐயுற்றுப் பேசியவர்களுள் ஜாகிர் சாகிபும் ஒருவர். பள்ளி தன் செலவைத் தானே ஈட்ட வேண்டும் என்பதை அளவுமீறி வற்புறுத்தினால், ஆசிரியர் அடிமைகளை வேலை வாங்கும் கங்காணியாகிவிடுவார். ஏழைச் சிறுவர்களின் உழைப்பு சுரண்டப்படும் என்று எச்சரித்தார். மகாத்மாவின் முகத்துக்கு நேரே இதைச் சொல்லப் பொருளாதாரம் படித்திருந்தால் மட்டும் போதாது. அப்படிச் சொன்னவரையே அத்திட்டத்தை வகுக்கும் குழுவுக்குத் தலைவராக்கினார் காந்தியடிகள். இருவரின் பெருமையும் அதில் தெரிகிறது.

அவ்வாண்டு டிசம்பரில் குழுவின் அறிக்கை வந்தது. 7 முதல் 14 வயது வரை கட்டாய இலவசக் கல்வி, தாய்மொழி வாயிலாக, ஒரு கைத்தொழிலைச் சுற்றி. பொருள் ஈட்டும் நோக்கம் மேலோங்கிக் கல்வியின் நோக்கம் பின்தள்ளப்படும் ஆபத்தை அறிக்கையே சுட்டியது. ஆசிரியரின் ஊதியத்தைப் பற்றியும் அதில் எழுதப்பட்டிருந்தது: கூடுமானால் மாதம் 25 ரூபாய், எக்காரணத்தாலும் 20 ரூபாய்க்குக் குறையலாகாது.

வாசகப் பெருமக்கள் இவ்விடத்தில் சற்றே நின்று இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டுகிறோம். தம் ஊதியத்தைப் பற்றி எழுதும்போது, 150க்கு மேல் கூடாது என்றார். பிறர் ஊதியத்தைப் பற்றிய அறிக்கையில் 20க்குக் கீழ் கூடாது என்று எழுதினார். தமக்கு இட்டுக்கொண்டது உச்சவரம்பு. ஏழைப் பள்ளி ஆசிரியருக்கு இட்டது கீழ்வரம்பு. நம் நிர்வாகத்தார் செய்வதென்ன? உஸ்தாதுக்கு உச்சவரம்பு இடுகின்றனர். தமக்கு எந்த வரம்பும் இட்டுக்கொள்வதில்லை. இதற்கு ஜாகிர் ஹுசைனின் பெயரையா சாட்சிக்கு அழைப்பது?

வார்தாத் திட்டத்தை முஸ்லிம் தலைவர்கள் பலர் கடுமையாக எதிர்த்தனர். 1938இன் பீர்பூர் அறிக்கை போன்றவற்றில் அந்த மனக்குறைகளைக் காணலாம். மார்க்கக் கல்விக்கு அத்திட்டத்தில் இடமில்லை என்ற குறை நியாயமானதென்றே நாமும் கருதுகிறோம்; அவ்வகையில் ஜாகிர் சாகிபின் அறிக்கை நமக்கு முழு நிறைவு தருவதன்று. ஆயினும் அதை எதிர்த்த மேடைகளிலும் ஆதரித்த மேடைகளிலும் அந்த 20 ரூபாயைப் பற்றி எத்தனை பேர் பேசினர்? கொடியும் பாட்டும் சூடான விவாதங்களாயின. ஆசிரியரின் அடுப்பு யாருக்கும் விவாதமாகவில்லை. இன்றும் அப்படித்தானே?

இங்கே சிலர், "ஹஜ்ரத், உலகக் கல்விக்குச் சம்பளம் பேசலாம், அல்லாஹ்வின் வேதத்தை ஓதிக் கொடுப்பதற்கு விலை பேசலாமா? இக்லாஸ் எங்கே போயிற்று?" என்று கேட்பர். கேட்பவர் பெரும்பாலும் வணிகராக இருப்பார் என்பது நம் அனுபவம். இது நம் துறை. ஆகவே சற்று விரித்தே விடையிறுப்போம்.

இமாம் ஷாபிஈ, இமாம் மாலிக் ஆகியோரின் வழியில் குர்ஆன் கற்பித்தலுக்கு ஊதியம் பெறுதல் ஆகுமானது. நம் திருச்சிப் பகுதி இராவுத்தர் குடும்பங்கள் பின்பற்றும் ஹனபி வழியில், முற்கால அறிஞர்கள் அதைத் தடுத்தது உண்மையே. அந்தத் தடையை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் நண்பர்கள், அடுத்த வரியைப் படிப்பதில்லை. பிற்கால ஹனபி மேதைகள், குறிப்பாக பல்க் நகரத்து ஷைகுமார்கள், அது ஆகும் என்று தீர்ப்பளித்தனர். ஹிதாயாவிலும் இது சொல்லப்பட்டிருக்கிறது. காரணம் என்ன? முற்காலத்தில் ஓதிக் கொடுப்போருக்கு பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை போய்க்கொண்டிருந்தது. மக்களும் தாமாகவே மனமுவந்து கொடுத்தனர். பின்னர் பைத்துல்மாலின் கதவு சாத்தப்பட்டது. மக்களின் கைகளும் சுருங்கின. ஓதிக் கொடுப்பவர் பிழைப்புத் தேடிப் போனால் வேதமே மறைந்துபோகும் என்று அஞ்சி, ஊதியம் ஆகும் என்று அந்தப் பெரியோர்கள் கூறினர். ஆக, முற்காலத் தடை என்பது ஆசிரியரின் வயிறு நிறைந்திருந்த காலத்தின் தடை. அந்த வயிற்றை மறந்துவிட்டுத் தடையை மட்டும் நினைவில் வைத்திருப்பது பிக்ஹு ஆகாது, வசதி.

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் நிஜாமுல் முல்க் பக்தாதில் நிஜாமிய்யா மதரஸாவைக் கட்டி ஆசிரியர்களுக்கு ஊதியம் ஏற்படுத்தினார் என்னும் செய்தி எட்டியபோது, மாவராஉந்நஹ்ரு நாட்டின் உலமாக்கள் கூடி, கல்வி இனிச் சம்பளத்துக்காகத் தேடப்படும் பொருளாகிவிடுமே என்று துக்கம் அனுசரித்தார்கள் என ஹாஜி கலீபா எழுதியுள்ளார். அவர்களின் துக்கத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் அது கற்பிப்பவர்கள் தமக்காகக் கொண்ட துக்கம். கணக்கப்பிள்ளைகள் அதைக் கடன் வாங்கி உடுத்திக்கொள்ளக் கூடாது. அந்த நிஜாமிய்யாவில்தான் பின்னர் இமாம் கஸ்ஸாலி அவர்கள் பாடம் நடத்தினார்கள் என்பதையும் மறந்துவிட வேண்டாம். அவர்கள் அந்தப் பதவியைத் துறந்து வெளியேறியது தம் உள்ளத்தின் கட்டளைப்படி; நிர்வாகக் குழுவின் தீர்மானப்படி அன்று.

வியர்வையையும் கூலியையும் பற்றிய நபிமொழியை நம் பெருமக்கள் அனைவரும் அறிவர். வயலில் நடவு நடும் பெண்ணுக்கும் கொத்தனாருக்கும் அன்றன்றே கூலி கொடுத்துவிடுகின்றனர். கொடுக்காவிட்டால் மறுநாள் ஆள் வராது. உஸ்தாத் மறுநாளும் வருவார் என்பதால் அன்றோ அவருடைய சம்பளம் அடுத்த மாதம் பத்தாம் தேதி வரை காத்திருக்கிறது!

நிதி இல்லை என்பது அடுத்த வாதம். நாம் வேலூர் பாக்கியாத்தில் ஓதி முடித்து, 1994இல் முதன்முதலாக ஒரு மக்தபில் அமர்ந்தபோது மாதச் சம்பளம் 600 ரூபாய். மூன்று வேளைச் சாப்பாடு வீட்டு முறை: திங்கட்கிழமை ஒரு வீடு, செவ்வாய்க்கிழமை ஒரு வீடு. தூக்குவாளியோடு வரும் சிறுவன் முகத்தைக் கண்டே அன்றைக்கு அந்த வீட்டில் என்ன மனநிலை என்று அறிந்துகொள்வோம். அவ்வாண்டு அந்த ஊரில் மினாரா ஒன்று எழும்பியது. அதன் உச்சிக்கு மட்டும் ஆன செலவு நம்முடைய நான்கு ஆண்டுச் சம்பளம் என்று மேஸ்திரி நம்மிடம் சொன்னார். மினாரா அழகாகத்தான் இருந்தது. அதன் நிழலில் இருந்து நாம் ஓதிக் கொடுத்தோம். நிதி இல்லை என்று எவரும் அன்று மேஸ்திரியிடம் சொல்லவில்லை.

சென்ற ஷஅபான் விழாவுக்கு மீண்டும் வருவோம். பந்தல், மின்விளக்குத் தோரணம், ஒலிபெருக்கி, ஆயிரம் பேருக்குப் பிரியாணி, வெளியூர்ப் பேச்சாளருக்குக் கார். விடைபெறும்போது அவர் கையில் வைத்த ஹதியாவின் உறையை நாம் அருகிலிருந்து கண்டோம். அந்த உறையின் கனம் இளம் உஸ்தாதின் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் என்பதை நிர்வாகத்தார் மறுக்கமாட்டார்கள். அந்தப் பேச்சாளரின் ஒன்றரை மணி நேரப் பேச்சும் தியாகத்தைப் பற்றியதே. நம் கையிலும் ஓர் உறை வைக்கப்பட்டது. அதை அந்த உஸ்தாதின் குழந்தைகள் கையில் கொடுத்துவிட்டு வந்தோம் என்று எழுதினால் பெருமை பேசுவதாகும். எழுதாவிட்டால் நாம் அதை வைத்துக்கொண்டோம் என்பீர்கள்.

ஒரு பொருளாதார அறிஞர் இந்த வரவு செலவை எப்படிப் படிப்பார்? பணம் இருக்கிறதா இல்லையா என்று கேட்கமாட்டார். பணம் எந்த வரிசையில் செலவாகிறது என்று கேட்பார். ஜாமிஆவிலும் பணமில்லை. அரசாங்க மானியத்தை அந்நிய ஆட்சியிடம் ஏற்பதில்லை என்பது அவர்களின் கொள்கை. ஆகவே ஹம்தர்தானே ஜாமிஆ என்னும் அமைப்பின் வாயிலாக, நாடெங்கும் சிறு சிறு சந்தாதாரர்களைச் சேர்த்தனர். ஒரு நவாபின் ஆயிரத்தைவிட ஆயிரம் பேரின் ஒவ்வொரு ரூபாய் உறுதியானது என்னும் கணக்கு அது. 1935இல் ஓக்லாவில் சொந்தக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது, அமைச்சரையோ செல்வரையோ அழைக்கவில்லை. பள்ளியின் மிகச் சிறிய மாணவனைக் கொண்டு நாட்டச் செய்தனர். ஜாமிஆ தொடங்கிப் பதினைந்து ஆண்டுகள் கழித்தே அந்த முதல் கல். அதுவரை வாடகை வீடும், அதனுள் ஆசிரியர்களும், பிள்ளைகளும். அவர்களுக்கு ஆசிரியர் முந்தினார், கட்டடம் பிந்திற்று. இங்கே கல்வெட்டு முந்துகிறது. அதில் பெயர்கள் முந்துகின்றன.

நம் தமிழ்நாட்டுச் செல்வர்கள் எக்காலத்தும் இப்படி இருந்தவர்கள் அல்லர். சென்னைத் தோல் வணிகர் மர்ஹூம் ஜமால் முஹம்மது சாகிப் அவர்களின் ஆதரவில்தான் 1925இல் மௌலானா ஸையித் சுலைமான் நத்வி சென்னைக்கு வந்து பெருமானாரின் (ஸல்) வாழ்வைப் பற்றி எட்டுச் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார்கள்; 1927இல் மர்மடியூக் பிக்தால் வந்தார்; 1929 ஜனவரியில் அல்லாமா இக்பால் வந்தார். உலகம் இன்றும் படிக்கும் நூல்கள் அந்த வணிகரின் பணத்தில் பிறந்தன. அவர் பெயரால் 1951இல் நம் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரி எழுந்தபோது, காஜாமியான் இராவுத்தர் அவர்களின் கொடையும் அதில் கலந்தது. அறிவைச் சுமப்பவரைச் சுமப்பது செல்வத்தின் கடமை என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

1993 மே மாதம் உச்ச நீதிமன்றம், வக்பு பள்ளிவாசல்களின் இமாம்களுக்கு ஊதியம் வழங்கத் திட்டம் வகுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இமாமுக்கு ஊதியம் கேட்க நம் சமுதாயம் நீதிமன்றத்தின் படியேற வேண்டி வந்ததே என்று அப்போது நாம் நாணினோம். மக்தப் உஸ்தாதுக்கு அந்தத் தீர்ப்பும் கிடையாது. அவருக்கு இருப்பதெல்லாம் ஜாகிர் ஹுசைனைப் பற்றிய சொற்பொழிவு.

அந்தப் பெரியவர் 1957இல் பீகார் ஆளுநரானார், 1962இல் குடியரசுத் துணைத் தலைவர், 1967 மே 13இல் குடியரசுத் தலைவர். 1969 மே 3இல், பதவியில் இருக்கும்போதே மறைந்தார். இவற்றை எல்லாப் பாடநூல்களும் சொல்லும், நாம் விரிக்கவில்லை. குடியரசுத் தலைவர் மாளிகையிலிருந்து அவர் உடல் எங்கே கொண்டு செல்லப்பட்டது என்பதை மட்டும் குறிப்போம். ஓக்லாவில், ஜாமிஆ வளாகத்துக்குள், ஆசிரியர்களும் மாணவர்களும் நாள்தோறும் கடந்து செல்லும் இடத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அந்த இளம் உஸ்தாத் ரமலான் விடுமுறையில் ஊர் சென்றவர் ஷவ்வாலில் திரும்பவில்லை. திருச்சி காந்தி மார்க்கெட்டில் ஒரு வெங்காய மண்டியில் கணக்கெழுதுகிறார் என்று கேள்விப்பட்டு, சென்ற வாரம் லால்குடியிலிருந்து ரயிலேறிச் சென்று பார்த்தோம். மூட்டைகளின் நடுவே எழுந்து நின்று ஸலாம் சொன்னார். "சம்பளம் எப்படி, தம்பி?" என்றோம். "மதரஸாவில் கொடுத்ததைப் போல இரண்டு பங்குக்கு மேல் கொடுக்கிறாங்க, ஹஜ்ரத். வாரா வாரம் சனிக்கிழமை கையில் வந்துடும்" என்றார். பிறகு, மெதுவாக, "அந்த அறுபது புள்ளைகளும் இப்போ யாரிடம் ஓதுறாங்க?" என்று கேட்டார். நமக்குத் தெரிந்திருந்தும், தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தோம். எவரிடமும் ஓதவில்லை. வகுப்பறைக்குச் சலவைக்கல் பதிக்கும் வேலை நடக்கிறது. அது முடிந்ததும் ஆள் தேடுவார்களாம்.

அந்த மதரஸாவின் பொதுக்குழு அடுத்த மாதம் கூடுகிறது. நமக்கும் அழைப்பு வந்திருக்கிறது. அச்சிட்ட வரவு செலவு அறிக்கையில், "உஸ்தாதுகள் சம்பளம்" ஒன்பதாவது வரியில், ஒலிபெருக்கி வாடகைக்குக் கீழே இருக்கிறது. செயலாளர் எழுந்து படிக்கத் தொடங்கும்போது, அந்த ஒன்பதாவது வரியை முதலில் படிக்கும்படி கேட்கப் போகிறோம். இம்முறை பொன்னாடை கொண்டுவர வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதியும் அனுப்பிவிட்டோம்.